சிலோன்காரனுக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒருவன் முன்னேறிவிட்டானா என்பதை அவனுடைய காரைப் பார்த்துச் சொல்ல முடியாது. கார் வங்கியினுடையது. ஞாயிற்றுக்கிழமை அவன் எந்த மீனுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறான் என்று பார்த்தால் போதும். மீன் சியாக்காப் என்றால் ஆள் முன்னேறிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம்.

சியாக்காப்பை நான் ஒருநாளும் மதித்ததில்லை. கூண்டு வலைக்குள் வளர்ந்து, மூட்டைத் தீவனம் தின்று, கடல் என்று ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டு மட்டுமே காலத்தை ஓட்டி, கடைசியில் இஞ்சியும் சோயாவும் ஊற்றிய நீளத் தட்டில் ஆவி பறக்க வந்து படுக்கிற மீன் அது. ஏறக்குறைய எங்கள் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் குடியிருப்பவர்களின் வாழ்க்கை வரலாறு. தட்டு மேசைக்கு வந்ததும் யாராவது ஒருவர், "தொடாதீங்க, தொடாதீங்க, போட்டோ!" என்று அலறுவார். மேடையில் மைக் பிடுங்கப்பட்ட கட்சிக் கிளைச் செயலாளரைப் போல மீன் வாயைப் பிளந்தபடி கிடக்கும். அதைச் சுற்றி எட்டுப் பேர் பல்லைக் காட்டுவார்கள். படம் எடுத்து முடிப்பதற்குள் மீன் ஆறிவிடும். ஆறிய மீனைத் தின்றுவிட்டு, "செம்ம பிரெஷ் லா" என்பார்கள்.

பெட்டாலிங் ஜெயாக்காரர்கள் இதையும் தாண்டிவிட்டார்கள். அவர்களுக்கு சால்மன். அதுவும் பச்சையாக. எதையும் வேகவைக்க நேரமில்லாத அளவுக்குப் பெரிய உத்தியோகம். அப்புறம் லாலா என்று ஒரு சிப்பி இருக்கிறது. ஒரு தட்டு லாலா என்பது ஒரு தட்டு ஓடு. நடுவில் எங்கோ, வாடகை கொடுக்க முடியாமல் ஒளிந்திருக்கிறவனைப் போலத் துளிச் சதை. கெராங்கைப் பற்றிப் பேசவே வேண்டாம். அரைவேக்காட்டுச் சிப்பியிலிருந்து ரத்தம் மாதிரி ஒன்று முழங்கை வரை வழிய, கழுத்தில் சாமி டாலரோடு உட்கார்ந்து உறிஞ்சுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்பு பூனைக்கும் எங்களுக்கும் சேர்த்து வாங்கிய கெம்போங் மீனுக்கு இப்போது வந்திருக்கிற கௌரவத்தைப் பார்த்தால், அடுத்தது பூனைக்குப் பட்டம் கொடுப்பார்கள் போலிருக்கிறது.

இதையெல்லாம் நான் மனதுக்குள் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிறு இதழில் எனக்கு ஒரு பத்தி உண்டு. சிரிக்க வைப்பதாக ஆசிரியர் நம்புகிறார். நான் அவரைத் திருத்துவதில்லை. அதில் நண்டு தின்கிறவர்களைப் பற்றி ஒருமுறை எழுதினேன். 'கிள்ளான்காரர்கள் சுத்தியலும் இடுக்கியுமாகச் சாப்பிட உட்காருகிறார்கள். எழுந்து போன பிறகு மேசையைப் பார்த்தால், அனுமதியில்லாமல் கட்டிய வீட்டை நகராண்மைக் கழகம் இடித்துவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. இத்தனையும் ஒரு கரண்டிச் சதைக்கு. இதைவிட அரசாங்க அலுவலகத்தில் ஒரு கையெழுத்து வாங்குவது சுலபம்.' இப்படியெல்லாம். வாசகர்கள் என்னைக் கொள்கைக்காரன் என்று நினைத்தார்கள். கடலுணவு என்ற இந்தக் கூத்தையே துறந்த, ரசனையுள்ள மனிதன்.

உண்மை வேறு. நண்டுக்கு என்னைப் பிடிக்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் கிள்ளானில் ஒரு நண்பரின் பிரிவு உபசார விருந்தில் நண்டு தின்றுவிட்டு எழுந்தபோது, என் கீழுதடு எனக்கு முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தது. காது மடல் கொழுக்கட்டை ஆகியிருந்தது. கிளினிக்கில் இருந்த டாக்டர் பெண் டார்ச்சை வாய்க்குள் அடித்துப் பார்த்துவிட்டு, "அலர்ஜி அங்கிள். சில பேருக்கு வயசானப்புறம் வரும். நண்டு, இறால் ரெண்டையும் இன்னியோட மறந்துடுங்க" என்றார். 'வயசானப்புறம்' என்பதைச் சற்று அழுத்தியே சொன்னார். மறுநாள் விசாரித்தவர்களிடம் பல்வலி என்றேன்.

ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்கலாம். நான் சிலோன்காரன். யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளைக்காரன் காலத்தில் பேனாவோடு வந்து இறங்கிய கூட்டம். இந்த நாட்டில் எங்கள் ஆட்களுக்கு மூன்று அடையாளங்கள்: அரசாங்க ஓய்வூதியம், பிழையில்லாத ஆங்கிலம், முருங்கையிலை போட்ட நண்டுக் கறி. ஓய்வூதியம் என் அப்பாவோடு போயிற்று. நான் தனியார் கம்பெனியில் இருந்து, அவர்களே என்னை அனுப்பிவைத்தார்கள். ஆங்கிலத்தை இப்போது கைத்தொலைபேசியே திருத்திக்கொள்கிறது. மிஞ்சியது நண்டு ஒன்றுதான். அதுவும் ஒத்துக்கொள்ளாது என்று வெளியே தெரிந்தால், என்னைச் சிலோன்காரன் என்று சொல்ல எதுவும் இருக்காது, மூக்கைத் தவிர. ஒவ்வாமை என்று சொன்னால் அது குறை. ரசனை என்று சொன்னால் அது தகுதி. நான் தகுதியைத் தேர்ந்தெடுத்தேன். மாத்திரைகளைத் தொண்டைக்கான இனிப்பு டப்பா ஒன்றில் போட்டு எப்போதும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

என் தங்கைக்குக்கூடத் தெரியாது. அவள் மருந்தாளர். கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் வேலை. ஒரே வீட்டில், மருந்தாளரின் மூக்குக்குக் கீழே ஒருவன் மாத்திரையை ஒளித்து வைத்திருந்தான் என்றால் அவனுடைய அகம்பாவத்தின் கொள்ளளவை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். கொள்கைக்காக நண்டையும் இறாலையும் விட்டுவிட்டேன் என்றபோது அவள், "நல்லது அண்ணா. கழுவுற வேலை மிச்சம்" என்றதோடு சரி.

தங்கை நாற்பதைத் தாண்டியவள். முதல் கல்யாணத்தை எங்கள் ஆட்களே பார்த்துப் பார்த்து, ஊர், குலம், கோயில் எல்லாம் சலித்துச் செய்து வைத்தார்கள். சலித்ததில் மனிதன் மட்டும் கீழே விழுந்துவிட்டான். ஒரு நாள் அவள் இரண்டு பெட்டிகளோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நான் கல்யாணமே செய்துகொள்ளாதவன். இரண்டு தோல்விகளுக்கு ஒரு வீடு போதும் என்று அன்றிலிருந்து ஒன்றாக இருக்கிறோம்.

போன வருடம் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வேலைக்குப் போகும்போது. திங்கட்கிழமைகளில். விசாரித்ததில், துறைமுகத்தில் கொள்கலன் முற்றத்தில் மேற்பார்வையாளராக இருக்கிற ஒருவர். பண்டமாரான்காரர். அம்மாவுக்கு மருந்து வாங்க வந்து வந்து, அம்மா காலமான பிறகும் எதற்கோ வந்துகொண்டிருந்தவர். தோட்டப்புறத்துக் குடும்பம். தாத்தா ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். எங்கள் ஆட்களுக்கு இது தெரிந்தபோது ஒரு மாமி எனக்கு போன் செய்து, "பெடியன் நல்லவனாம், ஆனா..." என்று சொல்லி அந்த 'ஆனா'வோடு நிறுத்திக்கொண்டார். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எங்கள் நூறு வருட வரலாறு உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் தடை சொல்ல யாருமில்லை. மாமிகளை நான் கணக்கில் எடுப்பதில்லை. சிக்கல் அந்தப் பக்கம்தான். அம்மா தோட்ட வேலைக்குப் போக, அவரை வளர்த்தது அவருடைய அக்கா. "அக்கா சரின்னா சரி" என்பதில் மனிதர் உறுதியாக இருந்தார். அக்காவோ, "சிலோன்காரங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, கொஞ்ச நாள் பேசாமலிருந்து, கடைசியில், "அவங்க அண்ணன சாப்பாட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொல்லு. மனுசங்கள சாப்பிடுறப்பதான் தெரிஞ்சுக்க முடியும்" என்று சொல்லியனுப்பினார்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் தங்கையும் கூட்டரசு நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தோம். மடியில் பழக்கூடை. அவள் ஓட்டினாள்.

"அண்ணா, இண்டைக்கு நீங்கள் வாயைத் திறக்கிறது சாப்பிட மட்டும்தான். விளங்குதோ?"

"ஓம்."

"பகிடி விடக் கூடாது. இங்கிலீஷ் கதைக்கக் கூடாது. கரண்டி கேக்கக் கூடாது. கொள்கை கிள்கை எண்டில்லாமல் அவையள் போடுறதைச் சாப்பிடுங்கோ. நல்லா இருக்கெண்டு சொல்லுங்கோ. அவ்வளவுதான்."

"அது எனக்குத் தெரியாதோ?"

சுங்கை ரசாவுக்குப் பக்கத்தில் நெரிசலில் நின்றபோது, முன்னால் நின்ற லோரியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இது சரி வராட்டி, நான் இன்னொருக்கா ஆரம்பிக்க மாட்டன் அண்ணா. எனக்குத் தெம்பில்லை."

நான் பழக்கூடையின் ரிப்பனைச் சரி செய்தேன். நான் மிகுந்த இலக்கிய வாசிப்பு உள்ளவன். இப்படிப்பட்ட தருணங்களில் எனக்கு ரிப்பன்தான் கிடைக்கும்.

வீட்டு வாசலிலேயே வாசனை அடித்தது. மிளகு, பெருஞ்சீரகம், தேங்காய்ப்பால், அதோடு சேர்ந்து, பகை எங்கிருந்தாலும் மூக்கு கண்டுபிடித்துவிடுகிற அந்த வாசனை.

அக்கா என்னை விட ஓரிரு வயது மூத்தவராகவே இருப்பார். ஆனாலும் "வாங்கண்ணே" என்றுதான் கூப்பிட்டார். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவருடைய கணவர் லோரி ஓட்டுகிறவர். மரியாதைக்காக லுங்கியை மாற்றிக் கால்சட்டை போட்டிருந்தார். அது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது அவர் உட்கார்ந்த விதத்தில் தெரிந்தது. மாப்பிள்ளை என்று நான் இன்னும் சொல்லக் கூடாத மனிதர், பெரிய உருவம், ஒரு மூலையில் நின்று மின்விசிறியின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருந்தார்.

மேசையில் இடமில்லை. தெங்கிரி மீன் பொரியல். சோத்தோங் என்கிற கணவாய்ச் சம்பல். வெங்காயத்தோடு வதக்கிய இறால். நெத்திலி. நடுவில் கோயில் அண்டா அளவுக்கு ஒரு சட்டி, மூடி போட்டபடி. அக்கா மூடியைத் திறந்தார். சிவந்த கால்கள் நாலா பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன. மேலே பச்சையாக முருங்கையிலை மிதந்தது.

"பாசார்ல விடியக்காலையே போய் நின்னுட்டேன் அண்ணே. உயிரோட வாங்கினது. உங்க ஆளுங்க முருங்கக்கீர போடுவீங்களாமே, யூடியூப்ல பாத்தேன். நாங்க போட மாட்டோம். சரியா வந்திருக்கான்னு நீங்கதான் சொல்லணும்."

"நாந்தான் சொன்னேன்கா" என்றார் மூலையில் நின்ற பெரிய உருவக்காரர். அதுதான் அவர் பேசிய முதல் வாக்கியம். "அவங்க வீட்டுல நண்டு இல்லாம விருந்தே இல்லன்னு."

தங்கை என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள். அவள்தான் சொல்லியிருக்கிறாள். எங்கள் அம்மாவின் நண்டுக் கறியைப் பற்றி, மருந்து கொடுக்கும் சன்னலில் வைத்து.

இந்த நாட்டில் யார் வீட்டுக்குச் சிலோன்காரன் போனாலும் நண்டு வாங்கிவிடுகிறார்கள். மரியாதையாம். ஒருவன் எந்தக் கூட்டத்திலிருந்து வருகிறான் என்று தெரிந்த உடனே, அவன் இரைப்பையில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிடுகிற மரியாதை. எங்கள் ஆட்களும் இதைத்தான் செய்வார்கள். தோட்டப்புறத்து ஆள் வீட்டுக்கு வந்தால் கருவாடு தேடி ஓடுவார்கள். வந்தவன் வாழ்நாள் முழுவதும் கருவாட்டை வெறுப்பவனாக இருப்பான்.

சாப்பிட ஆரம்பித்தோம். நான் தெங்கிரியை எடுத்துக்கொண்டேன். தெங்கிரி நம்பிக்கையான மீன். வெட்டினால் வட்டமாக இருக்கும், நடுவில் ஒரே முள், ஒளிவுமறைவு கிடையாது. குமாஸ்தாக்களுக்காகவே படைக்கப்பட்ட மீன் என்று தனியாக எழுத வேண்டும் என்றிருந்தேன். அதை இரண்டு துண்டு சாப்பிட்டேன். சோத்தோங்கும் சாப்பிட்டேன், நன்றாக வெந்த ரப்பர். "பிரமாதம்" என்றேன். "அருமை" என்றேன். மிச்சமிருந்த பாராட்டுச் சொற்களையெல்லாம் நெத்திலிக்கே செலவழித்தேன்.

"நண்டு எடுத்துக்கலயா அண்ணே?" என்றார் அக்கா.

"எடுத்துக்கிறேன், எடுத்துக்கிறேன்."

"கடிக்கும்னு பயமா?" என்றார் கணவர். "கயித்த அவுத்துட்டுத்தான் போட்டா. கைய கட்டியே வச்சிருக்கலாம்."

நான் சிரித்தேன். துறைமுகத்தைப் பற்றிக் கேட்டேன். கப்பல்களைப் பற்றிக் கேட்டேன். மழையைப் பற்றிக் கேட்டேன். எதைக் கேட்டாலும் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு எல்லோரும் என் தட்டையே பார்த்தார்கள். கடைசியில் அக்காவே எழுந்து, சட்டிக்குள் கரண்டியை விட்டு, இருப்பதிலேயே பெரிய நண்டைத் தேடி எடுத்து, என் சோற்றின் மேல் வைத்தார். சினை நண்டு. ஓட்டுக்குள் ஆரஞ்சு நிறத்தில் தெரிந்தது. அது என் அதிர்ஷ்டம் என்றார் பக்கத்தில் இருந்த அக்காவின் கணவர்.

நான் அதை விரல் நுனியால் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினேன். மெதுவாகத்தான் தள்ளினேன். அரசாங்கக் கோப்பைத் தள்ளுகிற மாதிரி. எங்கள் குடும்பத்தில் அது ரத்தத்திலேயே இருக்கிறது.

அக்கா பார்த்துவிட்டார். கையை அலம்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். குரலில் கோபம் இல்லை.

"உங்க பேப்பர நான் வாங்குவேன் அண்ணே. ஞாயித்துக்கெழம. நண்டு திங்கிறவங்களப் பத்தி எழுதுனீங்கல்ல? சுத்தியல், இடுக்கி. வீட்ட இடிச்ச மாதிரி."

"அது... சும்மா பகிடிக்கு."

"சிரிச்சேன். நெசமாத்தான். இவருக்கும் படிச்சுக் காட்டினேன்." கணவர் தலையை ஆட்டினார். "அப்புறம் இன்னொண்ணு ஞாபகம் வந்துச்சு. எங்கப்பா தோட்டத்துல இருந்தப்ப, என் சடங்குக்குக் கிராணிய கூப்பிட்டாரு. ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி. உங்க ஆளு. நல்ல மனுசந்தான், யாரையும் வைய மாட்டாரு. எங்கம்மா அவருக்குன்னே தனியா நண்டு வாங்கி சமைச்சாங்க. அவரு வந்தாரு. வாசல்லயே நின்னாரு. கவர குடுத்தாரு. ஒரு ஆரஞ்சு பாட்டில, தன் முன்னாடி மூடிய தெறக்கச் சொல்லி, ஸ்ட்ரா போட்டுக் குடிச்சாரு. போயிட்டாரு. அந்த நண்ட எங்க வீட்டுல ஒருத்தரும் தொடல."

அக்கா எழுந்து போய் ஐஸ்பெட்டியைத் திறந்தார். ஒரு ஆரஞ்சு பாட்டிலைக் கொண்டுவந்து, மூடி திறக்காமல், என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது பரவால்லண்ணே. நீங்களே தெறந்துக்கலாம்."

என் அப்பா தோட்டத்துக் கிராணி இல்லை. பட்டணத்தில் திறைசேரியில் இருந்தவர். ஆனால் அந்த ஸ்ட்ராவை எனக்குத் தெரியும். அவர் இப்படிப் போன கல்யாணங்களுக்கெல்லாம் என் கையைப் பிடித்து அழைத்துப் போவார். எனக்கும் ஒரு பாட்டில், எனக்கும் ஒரு ஸ்ட்ரா. நானும் அப்பாவும் வாசலில் நின்று, ஒருவருக்கும் தீங்கு நினைக்காமல், சத்தமில்லாமல் உறிஞ்சிவிட்டு வருவோம். உள்ளே இலை போட்டிருப்பார்கள்.

தங்கையைப் பார்த்தேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். பிசைய அங்கே சோறு இல்லை.

"எனக்கு நண்டு ஒத்துக்காது" என்றேன். "அலர்ஜி. உதடு வீங்கும்."

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு அக்காவின் கணவர் வெடித்துச் சிரித்தார். "சிலோன்காரருக்கு நண்டு ஒத்துக்காதா? மீனு வந்து, எனக்குத் தண்ணி ஒத்துக்காதுன்னு சொல்ற மாதிரில்ல இருக்கு!"

"இல்லை, உண்மையாகவே..."

"பரவால்லண்ணே" என்றார் அக்கா. அந்தப் 'பரவால்ல'வை நான் இன்றும் மறக்கவில்லை. அதில் மறுபேச்சுக்கு இடமே இல்லை. "பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லுங்க. பொய் எதுக்கு?"

நான் ஆதரவுக்காகத் தங்கை பக்கம் திரும்பினேன். அவள் கண் கலங்கியிருந்தது.

"அண்ணா, தயவு செய்து," என்றாள். "நீங்கள் கொள்கைக்காக விட்டனீங்கள் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்? இப்ப எதுக்கு அலர்ஜி? நானே மருந்து குடுக்கிறவள். எனக்குத் தெரியாத அலர்ஜியோ?"

ஒரு மனிதன் வருடக்கணக்காகப் பாடுபட்டு உருவாக்கிய நற்பெயர் இவ்வளவு திறமையாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. என்னை யாரும் நோயாளி என்று நம்பத் தயாராக இல்லை. திமிர்பிடித்தவன் என்று எல்லோரும் நம்பினார்கள். கூடப் பிறந்தவள் உட்பட.

சாட்சி ஒன்றுதான் இருந்தது. தட்டின் ஓரத்தில், கால் மடக்கிக் காத்திருந்தது.

நான் அதை எடுத்து, காலை முறித்து, பல்லால் ஓட்டை உடைத்து, சதையை இழுத்துத் தின்றேன். வீரத்தோடு தின்றேன் என்று எழுத ஆசை. உண்மையில் விரலெல்லாம் குழம்பாகி, மூக்கு ஒழுகி, சட்டையில் முருங்கையிலை ஒட்டிக்கொண்டு, சுத்தியல் இடுக்கி என்று நான் யாரை எழுதினேனோ அவனைவிடக் கேவலமாகத்தான் தின்றேன். இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். நண்டு நன்றாக இருந்தது. என் அம்மாவுடையதைவிட நன்றாக இருந்தது. அதுதான் பெரிய அவமானம்.

"இப்போது பாருங்கள்" என்றேன்.

எல்லோரும் பார்த்தார்கள். அங்கே இருந்த ஐந்து பேரில் நான்கு பேர் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் பெண்ணும் அந்த உதட்டை இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. மின்விசிறி சுற்றியது. பக்கத்து வீட்டில் யாரோ கார் கழுவினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. உதடு, வாழ்நாளில் முதல் தடவையாக ஒழுக்கமாக, இருந்த இடத்திலேயே இருந்தது.

ஒருவேளை குணமாகிவிட்டதோ? அலர்ஜி போய்விட்டால் நான் என்ன ஆவேன்? பொய்யன். அதுவும், பொய்யை நிரூபிக்க நண்டு தின்ற பொய்யன். கோயிலுக்குப் போனால் தூணின் சிற்பத்தைப் பார்த்துவிட்டு வருகிற ஆள் நான். அன்றைக்குப் பண்டமாரானில், எந்தக் கடவுள் பொறுப்பில் உதடு வருகிறதோ அந்தக் கடவுளை வேண்டினேன். வீங்கட்டும்.

"ஏங்க," என்றார் அக்காவின் கணவர் மெதுவாக, கழுத்தை நீட்டி. "கீழ் உதடு... இடது பக்கம்..."

"சும்மா இருங்க" என்றார் அக்கா. அவரும் எட்டிப் பார்த்தார்.

"வீங்குது! வீங்குது லா! பாரு, பாரு, காதும்!"

அந்த மேசையில் அப்போது எழுந்த சந்தோஷத்தை என் எந்தக் கட்டுரையும் எழுப்பியதில்லை. கணவர் தொடையில் தட்டினார். மூலைக்காரர் முதல் முறையாக மின்விசிறியை விட்டுவிட்டு ஓடி வந்தார். அக்கா கையை வாயில் வைத்துக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று என்னால் பார்க்க முடியவில்லை, ஏனென்றால் என் கண்ணும் மூடிக்கொண்டு வந்தது. நான் சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்தேன். தங்கை அதைப் பிடுங்கித் திறந்து, உள்ளே இருப்பது என்ன மாத்திரை என்று ஒரே பார்வையில் தெரிந்துகொண்டாள்.

"எவ்வளவு காலமா?" என்றாள்.

"கொழ்ச்சக் காலமா" என்றேன். உதடு அவ்வளவுதான் அனுமதித்தது.

"லூசு அண்ணா!" என்று கத்தினாள். மருந்தாளர் கத்தியபடியே மாத்திரையைக் கொடுத்தாள். ஆரஞ்சு பாட்டிலை அக்காதான் திறந்தார். பல்லால் திறந்தார். அதை என் வாயில் ஊற்றி மாத்திரையை விழுங்க வைத்தார். ஸ்ட்ரா போடவில்லை.

மாத்திரையை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது என்று தங்கை சொல்ல, கிளினிக்குக்குப் போனோம். முன் சீட்டில் நான், ஓட்டியது அக்காவின் கணவர். லோரி ஓட்டுகிற மாதிரியே ஓட்டினார். பின்னால் அக்காவும் தங்கையும், கதவோரம் ஒடுங்கியபடி மூலைக்காரரும். இரண்டு பெண்களும் முதல் தடவையாக ஒருவரோடொருவர் பேசிக்கொண்டார்கள். முழுக்க என்னைத் திட்டித்தான்.

"சின்ன வயசிலயும் இப்படித்தானா?"

"இதைவிட மோசம் அக்கா. காய்ச்சல் எண்டாலும் சொல்ல மாட்டார். ஏதாவது கதை சொல்லுவார்."

கிளினிக் முகப்பில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்து எழுந்தே விட்டாள். உள்ளே அழைத்துப் போகும் முன் அக்காவைத் தடுத்து, "ஆன்டி, நீங்க பேஷண்டுக்கு யாரு?" என்று கேட்டாள்.

நானும் தங்கையும் திரும்பிப் பார்த்தோம். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்தப் பெண்ணுக்கு மட்டுமல்லாமல் காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"சம்பந்தி."

தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஏதாவது பொருத்தமாகச் சொல்லத் தோன்றியது. உதடு ஒத்துழைக்கவில்லை. அது நல்லதாகப் போயிற்று.

டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "தெரிஞ்சே சாப்பிட்டீங்களா அங்கிள்?" என்று கேட்டார். எனக்காக அக்காதான் பதில் சொன்னார்: "எங்க வீட்டுச் சாப்பாட்ட வேணாம்னு சொல்ல மனசு வரல டாக்டர், அவருக்கு." நடந்தது அது இல்லை. நான் திருத்தவில்லை. என் ஆசிரியர் விஷயத்திலும் அப்படித்தானே இருக்கிறேன்.

கல்யாணம் வரும் தை மாதத்தில். செய்தி பண்டமாரானில் ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலை உணவகம் வரை போய்விட்டது. இப்போது அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர் வீடு எதற்குப் போனாலும், வாசலிலேயே, "இவருதான் அந்த நண்டு அண்ணே" என்கிறார்கள். குழந்தைகள் என் உதட்டைத் தொட்டுப் பார்க்கக் கேட்கின்றன. 'பெடியன் நல்லவனாம், ஆனா' என்று சொன்ன மாமிக்கும் விஷயம் போய்ச் சேர்ந்தது. "சிலோன் ஆளுக்கு நண்டு ஒத்துக்கொள்ளாதோ, வெளியிலை சொல்லாதையும்" என்றார். அவருடைய கவலை அது.

ஒன்றே ஒன்றுதான் தாங்க முடியவில்லை. நான் வருகிற நாளில் நண்டு, இறால் எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது என்று அக்கா உத்தரவு போட்டுவிட்டார். ஓடு உள்ள எதையும் நம்ப மாட்டாராம். அதற்குப் பதிலாக, "அண்ணனுக்குன்னு" சொல்லி ஒவ்வொரு முறையும் கடையிலிருந்து ஒன்றை வரவழைக்கிறார். நீளத் தட்டு. இஞ்சி. சோயா. வாயைப் பிளந்து, ஆவி பறக்க, அதே கிளைச் செயலாளர்.

"தொடாதீங்க, தொடாதீங்க, போட்டோ!" என்று போன ஞாயிற்றுக்கிழமையும் அக்காவின் கணவர் அலறினார். சம்பந்தி ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம், நடுவில் நான், எனக்கு முன்னால் அது. தங்கை என் விலாவில் இடித்து, "சிரியுங்கோ அண்ணா" என்றாள்.

சிரித்தேன். மீன் ஆறிப்போயிருந்தது. நல்ல பிரெஷ் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன்.